ஹோவர்போர்டில் முதலில் இறங்கப் பழகுங்கள்

ஹோவர்போர்டு, அதாவது இரண்டு பக்கமும் சக்கரம் வைத்து, நின்றபடியே ஓட்டும் பேட்டரிப் பலகை, வாங்கலாமா என்று யோசிக்கிற வீடுகளுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். எங்கள் ஊர் குத்தாலம் பக்கம். மே மாத லீவுக்கு வந்த அக்கா மகன் சென்னையிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தான். எனக்கு அவன்தான் வாத்தியார்.

முதல் நாள் ஓட்டவே விடவில்லை. "மொதல்ல இறங்கக் கத்துக்குங்க சித்தி, ஓடுறது தானா வந்துடும்" என்று ஏறவும் பின்பக்கமாக இறங்கவும் மட்டும் பழக்கினான். காரணம் இருக்கிறது. போர்டின் இரண்டு பாதிக்கும் தனித்தனி மோட்டார், சாய்வை உணரும் தனித்தனி கைரோ சென்சார். விரல் பக்கம் அழுந்தினால் முன்னால் போகும், குதிகால் பக்கம் அழுந்தினால் பின்னால் போகும். முன்பக்கமாக இறங்கினால் போர்டில் மிச்சமிருக்கும் காலின் விரல்கள் அழுந்தும். சக்கரம் உருண்டு வந்து காலை இடித்துத் தள்ளிவிடும். அதனால் நன்றாக நின்றபிறகு, ஒரு காலைப் பின்னால் எடுத்துவைத்துத்தான் இறங்க வேண்டும். பக்கத்துத் தெருப் பையன் ஓட்டத்திலேயே முன்னால் குதித்து, கையை ஊன்றி, மணிக்கட்டை முறித்துக்கொண்டான். இந்த விளையாட்டில் அதிகம் முறிவது மணிக்கட்டும் முன்கையும்தான். ஹெல்மெட்டோடு மணிக்கட்டுக் கவசமும் கட்டாயம் போடுங்கள்.

ஏறும்போது முதல் காலைச் சக்கரத்தை ஒட்டிச் சமமாக வைத்து, அடுத்த காலைத் தயங்காமல் வைக்க வேண்டும். முழங்காலை விறைப்பாக வைத்தால் உடம்பின் ஒவ்வொரு நடுக்கத்துக்கும் சென்சார் பதில் சொல்லும், போர்டு கிடுகிடுவென்று ஆடும். கீழே குனிந்து காலைப் பார்க்கக் கூடாது. துணைக்கு நிற்பவர் எதிரே நின்று உள்ளங்கையை நீட்டினால் போதும். பாசத்தில் இழுத்துப் பிடித்தால் உடம்பு சாயும், போர்டும் அந்தப் பக்கமே ஓடும். என் அப்பாவுக்கு இதைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இடம் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்களுடையது 6.5 அங்குலச் சக்கரம். மணல், ஜல்லி, ஈரம் எதுவும் அதற்கு ஆகாது. கோடையில் சும்மா கிடக்கும் நெல் களத்தின் சிமெண்ட் தளம்தான் எங்களுக்கு வாய்த்தது. விடியற்காலையில் போய், கூட்டிப் பெருக்கிய பிறகே ஏறுவோம். சிதறிக் கிடக்கும் நெல்மணி சக்கரத்தை வழுக்கிவிடும். குறுவை அறுப்பில் களமும் ரோடும் நெல்லாய்க் கிடக்கும் நாட்களில் போர்டை வெளியே எடுக்கவே வேண்டாம். ரோட்டில் எப்போதுமே வேண்டாம்.

பேட்டரி விஷயத்தில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். 2016 ஜூலையில் அமெரிக்காவில் பேட்டரி தீப்பிடிக்கும் ஆபத்துக்காக சுமார் 5 லட்சம் ஹோவர்போர்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். யூ.எல். 2272 என்ற மின்பாதுகாப்புச் சான்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதனுடனே வந்த சார்ஜரில், வீட்டில் ஆள் விழித்திருக்கும்போது மட்டும் சார்ஜ் போடுங்கள். வைக்கோல் கிடக்கிற பக்கம் வைக்காதீர்கள். ஓட்டும்போது பீப் சத்தம் வந்தால் இன்னொரு சுற்று ஆசைப்படாமல் இறங்கிவிட வேண்டும்.

அக்கா மகனின் தங்கையும் ஏற வேண்டும் என்று அழுதாள். எங்கள் போர்டுக்குக் குறைந்தது 20 கிலோ எடை வேண்டும். அதற்குக் கீழே என்றால் பாதத்தின் அழுத்தம் சென்சாருக்குச் சரியாக எட்டாது. அவள் இன்னும் அந்த எடைக்கு வரவில்லை. அடுத்த லீவில் நிறுத்துப் பார்த்துவிட்டு ஏற்றுவதாகச் சொல்லியிருக்கிறோம்.