திசைநாயகம் சிறை சென்றது எழுத்துக்கா, பணத்துக்கா?

காங்கேயத்தான்
இலங்கைப் போர்க்காலத்தில் கட்டுரை எழுதிய ஒரே குற்றத்துக்காகத்தான் தமிழரான பத்திரிகையாளர் ஜே.எஸ். திசைநாயகத்துக்கு 20 ஆண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது என்று பவானி வாசகன் நேற்று எழுதியதைப் படித்து எரிச்சல்தான் வந்தது. தீர்ப்பை முழுதாகச் சொல்ல வேண்டாமா? 2009 ஆகஸ்ட் 31 அன்று கொழும்பு உயர் நீதிமன்றம் இதழ் வெளியிட்டதற்கு 5, எழுதியதற்கு 5, இதழுக்குப் பணம் திரட்டியதற்கு 10 ஆண்டுகள் விதித்தது. பாதித் தண்டனை பணத்துக்கு. ஆயுதக் கிளர்ச்சி நடக்கும் நாட்டில் பணம் எங்கிருந்து வருகிறது என்று அரசு கேட்கக் கூடாதா?

பவானி வாசகன்
கூட்டல் கணக்கு சரிதான். எதற்கான பணம் என்பதை மட்டும் வசதியாக விழுங்கிவிட்டீர்கள். துப்பாக்கி வாங்கவா திரட்டினார்? 'நோர்த் ஈஸ்டர்ன் மந்த்லி' என்ற ஆங்கில மாத இதழை நடத்தத் திரட்டினார். கிழக்கிலங்கையின் வாகரையில் போருக்குள் சிக்கிய மக்களுக்கு உணவும் மருந்தும் எரிபொருளும் மறுக்கப்படுகின்றன என்று 2006 நவம்பரில் அவர் எழுதியது இனப் பகையைத் தூண்டுவதாகக் கொள்ளப்பட்டது. அப்படி எழுதிய இதழுக்கு வாங்கிய காசு என்பதால் காசும் குற்றமாயிற்று. எழுத்தை நீக்கிவிட்டால் அந்தப் பத்து ஆண்டு எதன்மேல் நிற்கும்?

ஈரோட்டில் நண்பர்களோடு நானும் ஒரு சிற்றிதழ் நடத்தியவன். ஜவுளிக்கடை, மஞ்சள் மண்டி என்று படியேறி ஆயுள் சந்தா கேட்டு, கார்பன் தாள் வைத்த ரசீதுப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்து, அந்தப் பணத்தில்தான் அச்சகப் பாக்கியை அடைத்தோம். இப்படித்தான் எந்தச் சிற்றிதழும் நடக்கிறது.

காங்கேயத்தான்
உங்கள் இதழில் கவிதை வந்தது, ஐயா. பக்கத்து ஊரில் குண்டு விழவில்லை. அவரே தந்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மறுபடியும் சொல்கிறேன்: 10 ஆண்டு பணத்துக்கு.

பவானி வாசகன்
வாக்குமூலமா? அதற்குத்தான் காத்திருந்தேன். தன்னை வற்புறுத்தி வாங்கியது என்று அவர் நீதிமன்றத்திலேயே சொன்னார். நம் சாட்சியச் சட்டப்படி போலீஸ்காரரிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது. இலங்கையின் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்திலோ, உதவிப் போலீஸ் சூப்பிரண்டு முன் சொன்னாலே செல்லும்; விரும்பித் தரவில்லை என்று மெய்ப்பிக்கும் சுமையும் கைதியின் தலையில்தான். 2008 மார்ச் 7 அன்று அவர் எப்படிப் பிடிபட்டார் தெரியுமா? இதழை அச்சிட்டவரையும் அவர் மனைவியையும் முந்தின நாள் பிடித்துப் போயிருந்தார்கள். அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று விசாரிக்கப் போனவரையும் உள்ளே வைத்துக்கொண்டார்கள். ஆகஸ்ட் வரை குற்றச்சாட்டே இல்லை. பணம்தான் குற்றமென்றால், அதைச் சொல்ல ஐந்து மாதம் எதற்கு?

நொய்யல் கரை
ஏனுங்க, கொழும்பு வரைக்கும் போவானேன்? 2000 ஜூலை 30 அன்று தாளவாடிப் பக்கத்துத் தொட்டகாஜனூரில் நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தியபோது 'நக்கீரன்' கோபாலைத் தூதராகக் காட்டுக்குள் அனுப்பியவை அரசுகள். 2003இல் அதே கோபாலைப் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் உள்ளே தள்ளியதும் ஓர் அரசு. காட்டுக்குப் போனவர் தூதரா, கூட்டாளியா என்பதைக் கோட்டையில் அமர்ந்திருப்பவர்தான் முடிவு செய்கிறார். போலீஸ் அதிகாரி முன் சொன்ன வாக்குமூலம் அந்த இலங்கைச் சட்டத்தைப் போலவே பொடாவிலும் செல்லுபடியாக இருந்தது.

காங்கேயத்தான்
யானையைக் கொன்று சந்தனம் கடத்தியவனையும் ஆயுதக் கிளர்ச்சியையும் ஒரே தட்டில் வைக்கிறீர்கள்.  நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

தாளவாடியான்
வீரப்பனைப் பற்றிச் சமவெளியில் இருந்துகொண்டு பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அதிரடிப்படை எங்கள் மலைக் கிராமத்து ஆட்களை இழுத்துப் போய்ச் செய்த கொடுமை, தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த சதாசிவா விசாரணைக் குழு முன் வந்தது. காட்டுக்குள் போய் வந்த பத்திரிகைகள் மீசைக்காரனின் படத்தை அட்டையில் போட்டு விற்றன. எங்கள் படத்தை எத்தனை முறை போட்டன?

பவானி வாசகன்
அது தனி வழக்கு, தம்பி, தனியாகப் பேசுவோம். இப்போது காங்கேயத்தார் இதற்குப் பதில் சொல்லட்டும். 2010 ஜனவரியில் திசைநாயகத்துக்குப் பிணை, மே மாதம் பொதுமன்னிப்பு. பயங்கரவாதத்துக்குப் பணம் திரட்டியவர் என்று உண்மையிலேயே நம்பியிருந்தால், தீர்ப்பு வந்து ஓர் ஆண்டு முடிவதற்குள் எந்த அரசாவது விடுவிக்குமா? வெளிநாடுகளில் அவருக்கு விருது கிடைத்ததும், ஒபாமா அவர் பெயரைச் சொன்னதும் உறுத்தின, விட்டார்கள். எழுதியதால் பிடித்தார்கள், உலகம் எழுதியதால் விட்டார்கள்.

காங்கேயத்தான்
குற்றவாளிக்குத்தான் மன்னிப்பு தருவார்கள். நிரபராதி என்று எந்த நீதிமன்றம் சொன்னது? மேல்முறையீட்டுத் தீர்ப்பு இருந்தால் காட்டுங்கள்.

நொய்யல் கரை
இலங்கை அரசைக் கண்டித்து எழுதிய 'சண்டே லீடர்' இதழின் ஆசிரியர் லசந்த விக்ரமதுங்க சிங்களர். 2009 ஜனவரி 8 அன்று பட்டப்பகலில் நடுத்தெருவில் கொல்லப்பட்டார். அவர் யாரிடம் பணம் வாங்கினார் என்பதையும் காங்கேயத்தாரே கண்டுபிடித்துச் சொல்லட்டும்.

காங்கேயத்தான்
கொலையைக் கொண்டுவந்து சிறைத் தண்டனையோடு முடிச்சுப் போட வேண்டாம். நான் கேட்டது ஒன்றே ஒன்று. 20இல் 10 பணத்துக்கா, இல்லையா?

பவானி வாசகன்
எழுத்துக்கான பணத்துக்கு. இன்னும் எத்தனை தடவை கேட்டாலும் இதையேதான் எழுதுவேன்.