எங்க நகர்ல 62 சென்ட்ல பார்க் வருது, டெண்டருக்கு முன்னாடி என்ன கேட்கணும்?

கீழவீதி_கயல்

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊரு டெல்டா பக்கம் ஒரு சின்ன நகராட்சி. நாங்க இருக்குற நகர் பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வயல், பிளாட் போட்டு வித்தாங்க, இப்ப 200 வீடு கிட்ட ஆயிடுச்சு. லேஅவுட்ல பார்க்குன்னு விட்ட 62 சென்ட் இவ்ளோ நாளா கருவேலமும் குப்பையுமா கிடந்துச்சு. இப்ப அதுல பூங்கா போடப்போறாங்க, 30 லட்சம் எஸ்டிமேட்டுன்னு கவுன்சிலர் அக்கா சொன்னாங்க, வரைபடத்தையும் காட்டுனாங்க. நடுவுல நீரூற்று, சுத்தி ஏழடி காம்பவுண்ட், வாசல்ல ஆர்ச், ஊர் பேரு போட்ட செல்ஃபி பாயிண்ட், மிச்சம் பூரா பேவர் பிளாக், ஓரத்துல கொஞ்சம் புல்லு.

பாத்ததும் எனக்கு மனசே விட்டுப்போச்சு. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல இதே மாதிரி ஒண்ணு ஏற்கனவே இருக்கு. அங்க ஊஞ்சல்ல ஒரு பக்கச் சங்கிலி அறுந்து மேல கம்பியில சுத்தி விட்டது ரெண்டு வருஷமா அப்படியே தொங்குது. நீரூற்றுத் தொட்டியில மழைத்தண்ணி நின்னு கொசு. கிரானைட் பெஞ்சுல சாயங்காலம் நாலரை மணிக்குக்கூட உக்கார முடியாது, என் பையன் அரை ட்ரவுசரோட உக்காந்துட்டு தொடை சிவந்து அழுதான். கக்கூஸ் சாவி எதிர்த்த டீக்கடையில இருக்கு, அத்தனை ஆம்பளைங்க நிக்குற எடத்துல எந்தப் பொம்பளை போய் சாவி கேப்பா?

விடிகாலை அஞ்சு மணிக்கு நாங்க பொம்பளைங்கல்லாம் பைபாஸ் ஓரமாத்தான் நடக்குறோம், மணல் லாரி போற ரோடு, போன கார்த்திகையில ஒரு அக்காவை பைக்காரன் இடிச்சுத் தள்ளிட்டான். பசங்க கோயில் திடல்ல செங்கல்லை ஸ்டம்ப்பா வச்சு ஆடுறாங்க. பொம்பளைப் புள்ளைங்கதான் பாவம், ஸ்கூல் விட்டு வந்தா வீடு, வீட்டுக்குள்ள போனு, அவ்ளோதான். 30 லட்சம் நம்ம ஊருக்கு திரும்ப எப்ப வரும்னு தெரியாது. டெண்டர் விடுறதுக்குள்ள யார்கிட்ட என்னன்னு கேக்கணும், எதை நிறுத்தச் சொல்லணும், எதை வைக்கச் சொல்லணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பழைய_ஓவர்சியர்

அம்மா, நகராட்சியில பொறியியல் பிரிவுல இருந்து ரிட்டையர் ஆனவன் நான். டிசைனை அப்புறம் பாப்போம், முதல்ல இடத்தோட காகிதத்தைப் பாருங்க. லேஅவுட்ல பார்க்குன்னு பச்சை அடிச்சிருந்தா மட்டும் அது நகராட்சிக்கு வந்துட்டதா அர்த்தம் இல்ல. ப்ரோமோட்டர், அதான் பிளாட் போட்டு வித்தவங்க, தானப்பத்திரம் பதிஞ்சு கொடுத்திருக்கணும். கொடுக்காம விட்டு, பத்து வருஷம் கழிச்சு அவங்க வாரிசு வந்து அதையும் பிளாட்டா பிரிச்சு வித்ததை என் சர்வீஸ்லயே ரெண்டு தடவை பாத்திருக்கேன். சர்வே நம்பரைப் போட்டு வில்லங்கம் எடுங்க, டவுன் சர்வே பதிவேட்டுல யார் பேர்ல இருக்குன்னு பாருங்க.

2019ல வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் படி 3,000 சதுர மீட்டருக்கு மேல லேஅவுட் போட்டா, ரோடு போக மிச்சத்துல 10 சதவீதம் திறந்தவெளியா விடணும், 10,000 சதுர மீட்டர் தாண்டிட்டா நிலமாத்தான் தரணும், பணமா கட்டிட்டு நழுவ முடியாது. உங்களுது அதுக்கு முந்தின லேஅவுட்டு, ஆனா பத்து சதவீதம் அப்பவே உண்டு. பார்க்குன்னு ஒதுக்குனதை வேற எதுக்கும் மாத்த விடாதீங்க. பெங்களூருல பார்க் இடத்தைத் தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொடுத்தப்ப அக்கம்பக்கத்து ஜனங்க கேஸ் போட்டு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1991ல ஜெயிச்சாங்க, பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்குன்னு பேரு. அந்தப் பேரைச் சொன்னாலே ஆபீஸ்ல கொஞ்சம் நிதானிப்பாங்க.

யார்கிட்ட கேக்குறதுன்னு கேட்டீங்க. பகுதி சபான்னு ஒண்ணு இருக்கு, கிராம சபை மாதிரி நகரத்துக்கு. தமிழ்நாட்டுல 2022 நவம்பர் 1 அன்னைக்கு முதல் தடவையா நடந்துச்சு. நிறைய பேருக்கு அப்படி ஒண்ணு இருக்குறதே தெரியாது. அங்க எழுத்துல மனு கொடுத்து தீர்மானமா ஏத்துங்க, நகல் கமிஷனருக்கும் உதவிப் பொறியாளருக்கும். டெண்டர் விட்டப்புறம் ஐட்டத்தை மாத்தணும்னா திருத்த மதிப்பீடு, மறு ஒப்புதல்னு ஃபைல் சுத்தும், யாரும் கை வைக்க மாட்டாங்க. அதனால இப்பவே.

நிழல்தேடி

கயல் அக்கா, நான் ஆர்க்கிடெக்சர் படிச்சுட்டு ரெண்டு மூணு சின்ன ஊர் பார்க் வேலையில இருந்திருக்கேன். நீரூற்றையும் செல்ஃபி பாயிண்ட்டையும் எடுத்துட்டு அந்தக் காசை நிழல்ல போடச் சொல்லுங்க. நம்ம ஊரு வெயிலுக்கு நிழல் இல்லாத பார்க் காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும்தான் உயிரோட இருக்கும். மேற்குப் பக்கம் வரிசையா புங்கன், வேம்பு, பூவரசு வச்சீங்கன்னா நாலு மணி வெயில் உள்ள விழாது. சீக்கிரம் வளருதுன்னு கோனோகார்பஸ் மட்டும் வைக்க விட்றாதீங்க. மரத்தோட அடியில நாலடிக்கு நாலடி மண்ணை மூடாம விடணும், கழுத்து வரைக்கும் பேவர் பிளாக் போட்டா மரம் மூச்சு முட்டி நிக்கும். பெஞ்ச் கிரானைட் வேணாம், மரத்தைச் சுத்தி வட்டமா சிமெண்ட் திட்டு கட்டினா போதும், நம்ம ஆளுங்க திட்டைப் பாத்தாதான் உக்காருவாங்க. விளையாட்டுச் சாமானுக்கு அடியில ஒரு அடி ஆழத்துக்கு மணல். வாசல்ல படி வேணாம், சரிவு போடுங்க, ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளம், அதுக்குக் குறைஞ்சா வீல்சேரை ஒத்த ஆளா தள்ள முடியாது.

வயல் இருந்த இடம்னு சொன்னீங்களே, களிமண்ணா இருக்கும், ஐப்பசி கார்த்திகையில தண்ணி எங்க நிக்குதுன்னு பழைய ஆளுங்ககிட்ட கேட்டுட்டு அப்புறம் லெவல் எடுக்கச் சொல்லுங்க. இதை விட்டுட்டு கிராவல் கொட்டி மேடாக்குனா தண்ணி பக்கத்து வீடுகளுக்குள்ளதான் போகும்.

பொண்ணுங்க விஷயம் சொன்னீங்க பாருங்க, அதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. வியன்னாவுல 90கள்ல இதையே கவனிச்சாங்க, ஒம்பது பத்து வயசு வரைக்கும் பார்க்குக்கு வர்ற பொண்ணுங்க அதுக்கப்புறம் வர்றதே இல்ல. பசங்க ஒரு பெரிய கோர்ட்டைப் பிடிச்சுக்கிட்டா அவங்களோட மல்லுக்கட்ட முடியாம ஒதுங்கிடுறாங்க. 1999ல ரெண்டு பார்க்கை எடுத்து மாத்திப் பாத்தாங்க, வாலிபால் பேட்மிண்டனுக்கு தனியா இடம், பெரிய திறந்தவெளியைச் சின்னச் சின்னதா பிரிச்சது, நடைபாதை, அவ்வளவுதான். பொண்ணுங்க திரும்ப வந்தாங்க. 62 சென்ட்ல ஒரே பெரிய மைதானம் வச்சீங்கன்னா அது ஒரே வாரத்துல கிரிக்கெட்டுக்குப் போயிடும். பசங்களுக்கும் இடம் வேணும், ஆனா எல்லா இடமும் இல்ல.

இன்னொண்ணு, இன்ஜினியர்கிட்ட போறதுக்கு முன்னாடி மூணு நாள் உக்காந்து எண்ணுங்க. எந்த நேரத்துல யார், என்ன வயசு, எங்க போறாங்க. "மக்கள் விரும்புறாங்க"ன்னு சொன்னா மதிக்க மாட்டாங்க, நோட்டுல எழுதி எடுத்துட்டுப் போங்க.

வளையப்பந்து_வாத்தியார்

தங்கச்சி, நான் திருநெல்வேலி பக்கம், பிஇடி வாத்தியாரா இருந்தேன். கட்டுறதைப் பத்தி எல்லாரும் சொல்லுதாங்க, கட்டினப்புறம் அங்க என்ன நடக்கப்போவுதுன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. பள்ளிக்கூட மைதானத்துல பதினோரு வருசம் சாயங்காலம் சும்மா ஒரு விளையாட்டு வகுப்பு நடத்தினேன். முதல் வாரம் 40 புள்ளைக வரும், மூணாவது வாரம் பன்னெண்டு. அந்தப் பன்னெண்டு நிலைச்சு நின்னு திரும்ப 40 ஆனதுக்குக் காரணம் ஒண்ணே ஒண்ணுதான், அதே கிழமை, அதே நேரம், அதே ஆளு. மழை பேஞ்சாலும் நான் போயி நிப்பேன், யாரும் வரலைன்னாலும் ஆறரை வரைக்கும் நிப்பேன். வாத்தியார் இருப்பாருன்னு தாய்மாருக்கு நம்பிக்கை வந்துட்டா பொம்பளைப் புள்ளைகளைத் தானா அனுப்புவாங்க.

செலவு பெருசா கிடையாது. ஒரு இரும்புப் பெட்டி, அதுல நாலு ஸ்கிப்பிங் கயிறு, வளையப்பந்து ஆடுற ரப்பர் வளையம் ரெண்டு, ஒரு நெட்டு, ரெண்டு கேரம் போர்டு, செஸ்ஸு. வளையப்பந்து கோர்ட்டுக்கு 40 அடிக்கு 18 அடி போதும், நம்ம பக்கம் பொம்பளைப் புள்ளைக அதை எம்புட்டு ஆசையா ஆடுவாங்கன்னு பாத்தவங்களுக்குத் தெரியும், கை ரெண்டும் காத்துல பறக்கும். பெட்டிச் சாவி ஒரு பெரிய புள்ளைகிட்ட இருக்கட்டும், எழுதி வாங்கி எழுதிக் கொடுக்கட்டும், ஒரு சாமான் தொலையாது, நான் பாத்தது இது. திட்டு கட்டும்போதே சிமெண்ட் காயறதுக்குள்ள ஆடு புலி ஆட்டக் கோட்டைக் கீறி விட்டுடுங்க, தாத்தாமாரு புளியங்கொட்டையை வச்சு அங்கயே உக்காந்துக்கிடுவாங்க, அவங்க இருந்தா புள்ளைகளுக்கும் காவல்.

2023 நவம்பர்ல அரசாங்கம் நடப்போம் நலம் பெறுவோம்னு மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை ஆரம்பிச்சாங்க, நல்ல காரியந்தான், ஆனா அது மாவட்டத் தலைநகரத்துல இருக்கு. உங்க பார்க்கைச் சுத்தி 200 மீட்டர் நடைபாதை வந்தா பதினஞ்சு சுத்துக்கு 3 கிலோமீட்டர், பைபாஸ் பக்கமே போவ வேண்டாம்.

நொய்யல்காரன்

ஏனுங்க, எல்லாம் நல்லாத்தான் சொல்றீங்க, ஆனா ராத்திரி நெலமையை ஆரும் சொல்லலீங்களே. எங்க ஊர்ல இதே மாதிரி திறந்து விட்டாங்க, ஆறே மாசத்துல குடிகாரங்க கூடாரமாயிடுச்சு. ஊஞ்சல் மணல்ல உடைஞ்ச பாட்டில் கெடந்து பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்குக் கால்ல ஏழு தையலுங்க. அதுக்கப்புறம் நாங்களே கேட்டு பூட்டு போட வச்சோம். காலைல ஒம்பதுல இருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும்னு நேரம் வச்சாங்க, அந்த நேரத்துல பள்ளிக்கூடம் போற புள்ளையும் வராது, வேலைக்குப் போறவங்களும் வர மாட்டாங்க, செடிதான் பாத்துக்கிட்டு நின்னுச்சு.

அப்புறம் என்ன பண்ணுனோம்னா காலைல அஞ்சுல இருந்து ராத்திரி ஒம்பது வரைக்கும்னு மாத்தி, சுவத்தை இடுப்பளவுக்கு இடிச்சு மேல கிரில் வச்சோம், ரோட்டுல போறவங்களுக்கு உள்ள நடக்குறது பூரா தெரியுமுங்க. ஹைமாஸ்ட் லைட் ஒண்ணு மட்டும் இருந்தா மரத்தடி பூரா இருட்டாயிடுது, நடைபாதை ஓரமா பத்தடிக் கம்பம் நாலஞ்சு வைங்க. வாசல்ல ஒரு அம்மா சுண்டல் விக்குது, மொதல்ல தொரத்தினாங்க, நாங்கதான் சண்டை போட்டு இருக்க வச்சோம், அது இருக்குற வரைக்கும் ஒருத்தன் பாட்டிலோட உள்ள போக மாட்டான்.

நிழல்தேடி சொன்ன டிசைனெல்லாம் சரிதானுங்க, ஆனா என் கணக்குல டிசைனை விட சம்பளம் வாங்குற ஒரு ஆளு முக்கியம். தெனம் கூட்டி, தண்ணி ஊத்தி, கக்கூஸைக் கழுவி, சங்கிலி அறுந்தா அன்னைக்கே சொல்ற ஆளு. 30 லட்சத்துல கட்டிட்டு மாசம் ஆறாயிரம் ரூபாய்க்கு ஆளு இல்லைன்னா மூணு வருசத்துல மறுபடியும் கருவேலந்தானுங்க. ஆளு ஆருன்னு எழுதி வாங்கிட்டு அப்புறம் கல்லு நடச் சொல்லுங்க.

கீழவீதி_கயல்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, மூணு வாரம் கழிச்சு வர்றேன். வில்லங்கம் எடுத்தோம், தானப்பத்திரம் பதிஞ்சிருக்கு, நகராட்சி பேர்லதான் இருக்கு, ஓவர்சியர் அய்யா சொல்லலன்னா இதைப் பாக்கணும்னே தோணியிருக்காது.

நானும் பக்கத்து வீட்டு அக்காவும் என் பொண்ணும் மூணு நாள் மாத்தி மாத்தி தெருமுனையில உக்காந்து எண்ணுனோம். காலைல அஞ்சுல இருந்து ஆறரைக்குள்ள பைபாஸ்ல நடந்தவங்க எங்க நகர்ல இருந்து மட்டும் 34 பேர், அதுல 27 பொம்பளைங்க. சாயங்காலம் திடல்ல பசங்க 22. பொண்ணுங்க ரெண்டே பேர், அதுவும் தம்பியைத் தேடி வந்ததுங்க. அந்த வரியை என் பொண்ணுதான் எழுதுனா, எழுதிட்டு அப்படியே கொஞ்ச நேரம் நோட்டைப் பாத்துக்கிட்டு இருந்தா, எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு.

அந்த நோட்டோட பகுதி சபாவுக்கு 60 பேர் போனோம். உதவிப் பொறியாளர் முதல்ல வேண்டாவெறுப்பாத்தான் பேசுனார், நோட்டை வாங்கிப் புரட்டுனதும் நேர்ல வர்றேன்னு சொல்லி மறுநாளே வந்துட்டார். நீரூற்றும் செல்ஃபி பாயிண்ட்டும் போச்சு. சுவர் மூணடி, மேல கிரில். நடைபாதை சுத்தி வருதாம். கக்கூஸ் வாசல் பக்கம், சாவி உள்ளயே. வளையப்பந்து கோர்ட்டு ஒண்ணு, பேட்மிண்டன் ஒண்ணு, பசங்களுக்குக் கிழக்குப் பக்கம் தனியா. ஆர்ச்சை மட்டும் எடுக்க முடியாதுன்னுட்டாங்க, சரி இருக்கட்டும்னு விட்டோம்.

ஆளுக்கு, மகளிர் குழுவுல ரெண்டு பேர் முன்வந்திருக்காங்க, ரெண்டு பேருக்கும் சேத்து மாசம் ஆறாயிரம், வீட்டுக்கு முப்பது ரூபாய் போட்டா வந்துடும், இதுவரைக்கும் 140 வீடு சரின்னுட்டாங்க, மிச்ச வீடுகளுக்கு இந்த ஞாயித்துக்கிழமை போறோம். வாத்தியார் அண்ணே, எங்க ஸ்கூல்ல ரிட்டையர் ஆன டீச்சர் ஒருத்தங்க செவ்வாய், வெள்ளி வர்றேன்னு வாக்கு கொடுத்திருக்காங்க, உங்க பதிவை பிரிண்ட் எடுத்துக் காட்டினேன்.

ஒரு சந்தேகம். எண்ணப் போனப்ப எதிர்வீட்டு ஆச்சி சொல்லுச்சு, தென்மேற்கு மூலையில முன்னாடி ஒரு பாசன வாய்க்கால் இருந்துச்சாம், பிளாட் போட்டப்ப மண்ணைக் கொட்டி மூடிட்டாங்களாம், மழைக்கு அங்கதான் முழங்கால் அளவு தண்ணி நிக்குது. கக்கூஸும் செப்டிக் டேங்க்கும் சரியா அதே மூலையில வரைஞ்சிருக்காங்க. என்ன பண்றது?

பழைய_ஓவர்சியர்

அம்மா, அந்த மூலையில செப்டிக் டேங்க் கட்ட விடவே விடாதீங்க, மழைக்காலத்துல மேல பொங்கிடும். பழைய சர்வே நம்பருக்குப் புலப்படம், அதான் நில அளவை வரைபடம், எடுங்க, வாய்க்கால் இருந்திருந்தா கோடு போட்டுத் தனியா காட்டியிருக்கும். அரசுப் புறம்போக்கு வாய்க்கால்னு வந்தா அது மேல எந்தக் கட்டுமானமும் கூடாது, கோர்ட்டுக்குப் போனா இடிக்கச் சொல்லிடுவாங்க. கக்கூஸை வடக்கு ஓரத்துக்கு மாத்தச் சொல்லி நாளைக்கே ஒரு கடிதம் கொடுத்து சீல் வச்ச நகல் வாங்குங்க. மூலையைத் தோண்டி வாய்க்காலைத் திறந்து விட்டா பார்க் தண்ணியும் உங்க தெருத் தண்ணியும் அதுலயே வடிஞ்சுடும். புலப்படம் கைக்கு வந்ததும் இங்க போடுங்க, பாத்துச் சொல்றேன்.