கொடையாளர் முட்டை ஏழில் மூன்றுதான் முதிர்ந்தவை: ட்ரிகர் (முட்டையை முதிரவைக்கும் கடைசி ஊசி) பற்றி ஆலோசனை தேவை

ஐவிஎஃப் (செயற்கைக் கருத்தரிப்பு) ஆய்வகத்தில் வேலை செய்பவர்கள், மருத்துவர்கள் பார்த்துச் சொல்லவும்.

கொடையாளர் வயது 27, ஏஎம்எச் (முட்டை இருப்பைக் காட்டும் ஹார்மோன்) 3.8, ஆன்ட்ரல் ஃபாலிக்கிள் (ஸ்கேனில் தெரியும் சிறு முட்டைப்பைகள்) 18. ஆன்டகனிஸ்ட் முறை (முட்டை முன்கூட்டியே வெளியேறாமல் தடுக்கும் மருந்தோடு), ட்ரிப்டோரெலின் (அகோனிஸ்ட் வகை) 0.2 மி.கி. ட்ரிகர், 36 மணி நேரத்தில் முட்டை எடுப்பு. கிடைத்தவை: மூன்று எம்2 (முதிர்ந்தவை), மூன்று எம்1 (பாதி முதிர்ந்தவை), ஒரு ஜிவி (முதிராதது). இந்தியாவின் 2021 கருத்தரிப்பு உதவித் தொழில்நுட்பச் சட்டப்படி ஒருவர் வாழ்நாளில் ஒருமுறைதான் கொடுக்கலாம், ஏழுக்கு மேல் எடுக்கக் கூடாது. முதிராததும் அந்தக் கணக்கில் சேரும் என்பதுதான் தலைவலி.

ஏஎம்எச் நன்றாக இருக்கிறதே என்று ஆறுதல் சொல்லாதீர்கள். அது எண்ணிக்கையைச் சொல்லும், தரத்தை அல்ல. குரோமோசோம் விஷயத்தில் வயதுதான் பெரிய காரணி, இங்கே அது சாதகம். என் சந்தேகம் ட்ரிகர் மேல். பெறுபவரின் சுழற்சியோடு பொருத்த, கொடையாளருக்குக் கருத்தடை மாத்திரை நீண்ட நாள் போயிருக்கிறது. பிட்யூட்டரி (மூளையடிச் சுரப்பி) அடங்கியிருந்தால் அகோனிஸ்ட் ட்ரிகருக்கு எல்எச் (முட்டையை முதிரவைக்கும் ஹார்மோன்) போதுமான அளவு எழும்பாது. ட்ரிகருக்குப் பிந்தைய எல்எச் அளவு கைவசம் இல்லை.

ட்ரிகர் போட்ட 12 மணி நேரத்தில் எல்எச் 15-க்குக் கீழே இருந்தால் எச்சிஜி (எல்எச் போல வேலை செய்யும் ஹார்மோன் ஊசி) கொடுத்து எடுப்பைத் தள்ளிவைக்கிறீர்களா? கொடையாளருக்கு ஓஎச்எஸ்எஸ் (சினைப்பை அளவுக்கு மேல் தூண்டப்பட்டு வரும் சிக்கல்) வரக்கூடாது என்பதால் 1500 யூனிட் எச்சிஜி சேர்த்த இரட்டை ட்ரிகருக்குத் தயங்குகிறேன், செய்தவர்கள் சொல்லுங்கள்.

முட்டை எடுக்கும்போது 17 முதல் 22 மி.மீ. ஃபாலிக்கிள்களை மட்டும் முதலில் உறிஞ்சுகிறீர்களா? சிறியவற்றில் கை வைத்ததும் காரணமாக இருக்கலாம்.

எம்1 முட்டைகளை இரவு முழுக்க வைத்து, முதிர்ந்தால் மறுநாள் இக்சி (முட்டைக்குள் விந்தணுவை நேராகச் செலுத்துவது) செய்வது பயன் தருகிறதா? பிளாஸ்டோசிஸ்ட் (ஐந்தாம் நாள் கரு) வரை போனதா என்பதையும் சேர்த்து எழுதவும்.