தொப்புளை அறுத்து ஒட்டுகிறார்களாம்!

செல்வி (கொழிஞ்சாம்பாறை):
ரெண்டு சிசேரியனுக்குப் பிறகு தொங்கிப்போன வயிற்றுக்கு 'டம்மி டக்' ஆபரேஷன் செய்துகொள்ளலாமா என்று உமா நேற்று கேட்டிருந்தார். மணி அண்ணன் போட்ட பதில் இது: "உடம்பு வளையாத சோம்பேறிகள் செய்கிற வேலை. தொப்புளையே அறுத்து எடுத்து வேறு இடத்தில் ஒட்டுவார்கள்." படித்ததில் இருந்து எனக்கு மனசு ஆறவில்லை. தொப்புளை யாரும் அறுத்து எடுப்பதில்லை அண்ணா. அது உள்ளே வயிற்றுச் சுவரோடு சேர்ந்த தன் தண்டோடு இருந்த இடத்திலேயே இருக்கும். சுற்றியுள்ள தோலை விடுவித்துக் கீழே இழுப்பார்கள். மிச்சத் தோலை வெட்டிவிட்டு, இழுத்த தோலில் ஒரு துளை போட்டு, அதே தொப்புளை வெளியே எடுத்துத் தைப்பார்கள். கோயம்புத்தூரில் தியேட்டர் நர்ஸாக நின்று பார்த்தவள் சொல்கிறேன்.

மணி (மீனாட்சிபுரம்):
சுற்றி வெட்டுகிறார்கள், துளை போடுகிறார்கள், தைக்கிறார்கள். அறுத்து ஒட்டுவது என்றால் இதுதானே? எங்கள் அம்மா அஞ்சு பெற்றவர். ஒவ்வொரு பேறுக்கும் வேதுக்குளியல் (மூலிகை வெந்நீர்க் குளியல்), தைலம், அப்புறம் வயிற்றில் வேட்டியை இறுக்கிக் கட்டுவார்கள். கடைசிவரை வயிறு சரியவில்லை. இப்போது யாருக்கு அந்தப் பொறுமை இருக்கிறது?

செல்வி:
உங்கள் அம்மாவுக்கு என் கும்பிடு. அவர் உடம்பு அவருக்கு, உமாவின் உடம்பு உமாவுக்கு. கர்ப்பத்தில் வயிற்றின் நடுவே ரெண்டு பக்கத் தசையும் விலகும். பலருக்குத் தானாகக் கூடிவிடும், சிலருக்குக் கூடாது. பயிற்சி தசைக்கு வலுக் கொடுக்கும், விரிந்துபோன தோலைச் சுருக்காது. வேட்டி கட்டினால் இடுப்புக்குத் தாங்கலாக இருக்கும், அவ்வளவுதான். இதில் சோம்பேறித்தனம் எங்கே வந்தது? தொப்புள் விஷயத்தில் சொன்னது தப்பு என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், போதும்.

உமா (நல்லேப்பிள்ளி):
அக்கா, நான் அழகுக்காக மட்டும் கேட்கவில்லை. படுத்துக்கொண்டு தலையைத் தூக்கினால் நடுவயிற்றில் நீளமாக ஒரு மேடு எழும்புகிறது. அந்த இடத்தில் மூன்று விரல் உள்ளே போகிறது. சித்திரை வெயிலில் மடிப்புக்கு அடியில் புண்ணாகி, சேலைக் கொசுவம் பட்டாலே எரிகிறது. சின்னவனுக்கு ரெண்டு வயது. செய்துகொண்டால் அவனை எப்போது தூக்கலாம்?

ராசு (வாளையார்):
யோசித்துச் செய்யுங்கள். 2024இல் சென்னைப் பம்மலில் உடல் எடை குறைக்கப் போன புதுச்சேரிப் பையன் இறந்ததைப் படிக்கவில்லையா? போவதென்றால் திருச்சூருக்குப் போங்கள், கோயம்புத்தூரில் பில்தான் பெரிது.

மணி:
கேட்டீர்களா! உயிரே போகிறது. இவருக்குத் தொப்புள்தான் கவலை.

செல்வி:
தொப்புளை இழுத்துவிட்டது நீங்கள். பம்மலில் நடக்க இருந்தது எடைகுறைப்பு சிகிச்சை, இது வேறு. அதற்காக ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகலாம், தோலுக்கு அடியில் நீர் கட்டலாம், புண் ஆறத் தாமதமாகலாம். ஒரு இடுப்பில் இருந்து மறு இடுப்புவரை தழும்பு நிற்கும், அடிவயிறு கொஞ்ச காலம் மரத்துக் கிடக்கும். உமா, பையனைத் தூக்க ஏறக்குறைய 6 வாரம் ஆகும். இறுக்கமான பெல்ட்டும் கிட்டத்தட்ட அவ்வளவு நாள் போட வேண்டியிருக்கும். இன்னொரு குழந்தை வேண்டுமென்றால் இப்போது செய்யாதீர்கள், ஆபரேஷனில் தைத்துச் சேர்த்த தசை மறுபடியும் விலகும். எடையும் ஒரே நிலையில் நிற்க வேண்டும்.

மணி:
இத்தனை ஆபத்தையும் வாயாலேயே ஒப்புக்கொண்டு, தொப்புளில் மட்டும் பிடிவாதம். ராசு, திருச்சூருக்கு ஏன் அனுப்புகிறாய்? கேரளத்துக்கு வக்காலத்து வாங்குவது உனக்குப் பழக்கம். ஆளியாற்றுத் தண்ணீர் விவாதத்திலும் இப்படித்தான் பேசினாய்.

ராசு:
பரம்பிக்குளம்-ஆளியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாடு கேரளத்துக்கு மணக்கடவு அணையில் வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. விட வேண்டும் என்றேன். அதில் என்ன தப்பு? சித்தூர்ப் புழைத் தண்ணீரில் விளைந்த நெல்லைத் தின்கிறவன் நான்.

மணி:
பரம்பிக்குளத்தில் மழை குறைந்தால் எங்கிருந்து விடுவது? அன்றைக்கும் நீ பதில் சொல்லவில்லை.

ராசு:
சொன்னேன். நீங்கள்தான் படிக்கவில்லை.

உமா:
அக்கா, இன்சூரன்ஸ் கிடைக்குமா?

செல்வி:
தண்ணீர்ச் சண்டையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பெண் பதிலுக்குக் காத்திருக்கிறாள். உமா, அழகு சிகிச்சைக்குப் பாலிசியில் பொதுவாகப் பணம் வராது. ஜி.எஸ்.டி. விலக்கும் கிடையாது. ஆனால் தொப்புள் பக்கம் குடலிறக்கம் இருக்கிறதா என்று முதலில் ஸ்கேன் பாருங்கள். இருந்தால் அந்தச் செலவைக் கேட்டுப் பார்க்கலாம். டாக்டர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. என்ற மேற்படிப்பு படித்தவரா, மயக்க மருத்துவர் கடைசிவரை கூட இருப்பாரா, இரவில் ஐ.சி.யூ. வசதி உண்டா, மூன்றையும் நேரில் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள். வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் பிசியோதெரபிஸ்டைப் பார்த்துவிடுங்கள்.

மணி:
வேதுக்குளியல், தைலம் பற்றி ஒரு வரி கூட இல்லை. இங்கிலீஷ் மருந்துக்காரர்களிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

செல்வி:
தைலம் தேய்ப்பது சுகம், நானும் தேய்த்துக்கொண்டவள்தான். மூன்று விரல் இடைவெளியை அது மூடிய ஒரே ஒரு ஆளைக் காட்டுங்கள். அப்புறம் தண்டோடு இருக்கிற தொப்புளை எப்படி அறுத்து எடுத்தார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

மணி:
துளை போட்டார்களா இல்லையா? அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.