சீக்கு வந்து பிழைத்த கோழிகளை இன்னொருவருக்குக் கொடுக்கலாமா?

கொல்லைப்புறம்:
கிணத்துக்கடவு பக்கம் எங்கள் வீட்டில் 9 கோழிகள் இருக்கின்றன. 7 பெட்டை, 2 சேவல். ஒரு பெட்டை மட்டும் வனராஜா இனம், மற்றதெல்லாம் சிறுவிடை என்ற நாட்டு இனம். பங்குனி முடிந்ததும் சென்னையில் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோகிறோம், கூட்டிப்போக வழியில்லை. ஐப்பசி மழையில் இவற்றுக்குச் சீக்கு வந்தது. முகம் வீங்கி, ஒரு கண் மூடிக்கொண்டு, மூக்கில் நாற்றமடிக்கும் சளி. 11-ல் 2 செத்துவிட்டன. டைலோசின் என்ற ஆன்டிபயாடிக் பொடி வாங்கி 5 நாள் தண்ணீரில் கலந்து வைத்தேன். இப்போது எல்லாம் நன்றாகத் தீனி எடுக்கின்றன, 5 பெட்டைகள் முட்டை வைக்கின்றன. வளர்க்கிறவர்கள் யாராவது கேட்டால் காசு வாங்காமல் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். அடித்துச் சாப்பிட அம்மாவுக்கு மனசு வரவில்லை.

பஞ்சாரம்:
கொடுக்காதீர்கள். வீங்கிய முகம், நாறும் சளி என்றால் பெரும்பாலும் கொரைசா என்ற தொற்றுச் சளிநோய். பிழைத்த கோழி பார்வைக்கு நன்றாக இருக்கும், கிருமி உள்ளேயே தங்கிவிடும். புது இடம், வெயில், சாக்கில் கட்டிய பயணம், ஏதோ ஒரு அலைச்சல் வந்தால் போதும், வாங்கியவர் வீட்டுக் கோழிகளுக்குப் பரவிவிடும்.

சந்தைப்பேட்டை:
வந்துவிட்டார் சட்டம் பேச. அண்ணே, எந்தச் சந்தைக்காவது போயிருக்கிறீர்களா? காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கும் கோழியில் எது சீக்குப் படாதது? எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இந்தச் சளி வந்து போகிறது. இவர் 9 கோழியைக் கொடுப்பதால் புதிதாக ஒன்றும் குடிமுழுகிவிடாது. சொல்லிக் கொடுங்கள், வேண்டியவன் வாங்கட்டும்.

சிறுவிடைப்பிரியை:
எனக்குக் குடி முழுகியது. போன வருடம் ஒருவர் “வீடு மாறுகிறோம், சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள்” என்று 3 பெட்டைகளைக் கொடுத்தார். நன்றாகத்தான் இருந்தன. அன்றைக்கே மற்றவற்றோடு திறந்துவிட்டேன், அது என் தப்பு. பத்து நாளில் கொட்டகை முழுக்கத் தும்மல். 26 கோழியில் 8 போயிற்று, பிழைத்தவை இரண்டு மாதம் முட்டையே வைக்கவில்லை. கேட்டதற்கு, “மழைக்குக் கொஞ்சம் சளி பிடித்திருந்தது, அதெல்லாம் சொல்லணுமா?” என்றார்.

சந்தைப்பேட்டை:
அக்கா, வருத்தம்தான். ஆனால் புதுக்கோழியை மூன்று நான்கு வாரம் தனியே வைத்துப் பார்க்காமல் விட்டது நீங்கள்.

பஞ்சாரம்:
தனியே வைத்தாலும் இதில் முழுசாகத் தப்ப முடியாது. வெள்ளைக்கழிச்சல் என்றால் அந்தக் காலத்துக்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும், பச்சையாகக் கழிந்து, கழுத்து திருகி, செத்தே போகும். உள்ளே பதுங்கிக்கொண்டிருக்கும் சளிக்கிருமி ஒரு மாதம் சத்தமே காட்டாமல் இருக்கும்.

கொல்லைப்புறம், ஒன்று செய்யுங்கள். இரவு எட்டு மணிக்கு மேல், டார்ச் அடிக்காமல், கொட்டகை பக்கம் போய்ப் பத்து நிமிடம் சும்மா நின்று கேளுங்கள். பகலில் தெரியாதது அப்போது கேட்கும்.

கொல்லைப்புறம்:
நேற்று நின்றேன். வனராஜாவும், அம்மா கருவாச்சி என்று கூப்பிடும் கறுப்புப் பெட்டையும் “கொர்… கொர்…” என்கின்றன. பகலில் இரண்டும் நன்றாகத்தான் மேய்கின்றன. இத்தனை நாள் குறட்டை என்று நினைத்திருந்தேன்.

பஞ்சாரம்:
அப்படியானால் கொரைசாவோடு மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியும் இருக்கலாம். அதனால் வரும் நாள்பட்ட மூச்சுநோயைப் பண்ணைக்காரர்கள் சிஆர்டி என்பார்கள். டைலோசின் அதை அடக்கி வைக்கும், அடியோடு ஒழிக்காது. ஒருமுறை ஒட்டினால் அந்தக் கோழியின் ஆயுசுக்கும் கூட வரும். காதால் கேட்டு நான் சொல்வது ஊகம்தான். மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவில் கேளுங்கள், சோதனைக்கு எதைக் கொண்டுவர வேண்டும் என்று சொல்வார்கள். உங்கள் பக்கம் சரவணம்பட்டியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையமும் இருக்கிறது.

கொல்லைப்புறம்:
சரி, கோழி வேண்டாம். அடைமுட்டையாவது கொடுக்கலாமா? அம்மா வளர்த்த கோழிகளின் வம்சம் எங்காவது இருந்தால் அவருக்கு ஒரு நிம்மதி.

பஞ்சாரம்:
கொரைசா மட்டும் என்றால் கொடுக்கலாம், அது முட்டை வழியாகப் போகாது. மைக்கோபிளாஸ்மா போகும். எல்லா முட்டையிலும் இருக்காது, ஆனால் 15 குஞ்சில் ஒன்று அதோடு பொரிந்தாலே தாய்க்கோழியின் இறக்கைக்குள் படுத்திருக்கும் மற்றதற்கும் ஒட்டிவிடும். சாப்பிடக் கொடுங்கள், அடைக்கு வேண்டாம்.

வேப்பமரத்தடி:
எல்லாரும் கிருமிக் கணக்கே பேசுகிறீர்கள். அந்தக் கோழிகள் என்ன பாவம் செய்தன? கழுத்தைத் திருகுவதற்கு முன்னால் மஞ்சள், சீரகம், கீழாநெல்லி, சின்ன வெங்காயம் அரைத்து உருண்டை பிடித்துக் கொடுத்துப் பாருங்கள். என் பாட்டி அப்படித்தான் காப்பாற்றினார்.

சிறுவிடைப்பிரியை:
கொடுக்கட்டும், நானும் கொடுக்கிறேன். தீனி எடுக்காத கோழி அதில் கொஞ்சம் தேறி எழுந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். தேறியது என்று சொல்லி அடுத்தவர் கொட்டகைக்கு அனுப்புவதுதான் கேள்வி. உங்கள் பாட்டி கோழியைத் தானம் பண்ணிக்கொண்டா இருந்தார்?

சந்தைப்பேட்டை:
நான் சொல்வதை யாரும் கேட்கவில்லை. எங்கள் அத்தை 6 கோழி வைத்திருக்கிறார். பள்ளிக்கூடம் திறக்கும்போது நோட்டு வாங்க ஒரு கோழி, ஆஸ்பத்திரிக்கு ஒரு கோழி. கழிச்சல் வருகிறது என்று பக்கத்துத் தெருவில் பேச்சு அடிபட்டாலே மிச்சத்தைச் சந்தைக்குக் கொண்டுபோய்ப் பாதி விலைக்குத் தள்ளுவார். தப்புதான், எனக்குத் தெரியாதா? விற்காமல் வைத்திருந்து எல்லாம் செத்தால் அவருக்கு யார் கொடுப்பது? வீட்டுக்குப் பின்னால் ஆசைக்கு வளர்க்கிறவர்கள் நியாயம் பேசுவது சுலபம்.

பஞ்சாரம்:
அத்தையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பாதி விலைக் கோழியை வாங்குவதும் இன்னொரு அத்தைதான். தை, மாசியில் கழிச்சலுக்கு இருவார முகாம் போட்டுக் கால்நடை மருந்தகக்காரர்கள் இலவசமாக ஊசி போடுகிறார்கள். எட்டு வாரத்துக்கு மேற்பட்ட கோழிக்கு இறக்கையில் ஒரு ஊசி, அவ்வளவுதான். எங்கள் தெருவில் பாதிப் பேர் கோழியைப் பிடித்து வைக்காமல் மேய விட்டுவிட்டு, வந்தவர்கள் போடவில்லை என்கிறார்கள்.

அப்புறம், இவருக்கு அத்தையின் கஷ்டம் இல்லையே. காசே கேட்கவில்லை. அவசரப்பட்டுத் தள்ளிவிட இவருக்கு என்ன நெருக்கடி?

சந்தைப்பேட்டை:
சரி, அது நியாயம். அப்படியானால் அடித்துச் சாப்பிடச் சொல்லுங்கள். மருந்து கொடுத்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகிவிட்டதே.

பஞ்சாரம்:
அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். மருந்து நிறுத்தியபின் எத்தனை நாள் கறியும் முட்டையும் கூடாது என்று பொட்டலத்திலேயே போட்டிருப்பார்கள், அது எப்போதோ தாண்டிவிட்டது. இந்தச் சளி மனிதருக்கு ஒட்டுவதில்லை. மெலிந்து போனதையும் இப்போது சீக்காக இருப்பதையும் மட்டும் தின்ன வேண்டாம், ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிடுங்கள்.

வேப்பமரத்தடி:
நீங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போவதற்கு ஒரு கோழி சாக வேண்டியிருக்கிறது.

கொல்லைப்புறம்:
இரண்டு நாள் வீட்டில் இதே பேச்சு. கருவாச்சி போன வாரத்திலிருந்து மெலிந்துகொண்டே வருகிறது, கையில் தூக்கினால் மார்பெலும்பு குத்துகிறது. அதையும் வனராஜாவையும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகிறேன். வைத்திருந்து பயனில்லை என்று அவர் சொன்னால் அங்கேயே முடித்துவிடச் சொல்வேன். அம்மா கூட வரமாட்டேன் என்றுவிட்டார்.

மிச்சம் ஏழு. சித்தப்பா தோட்டத்தில் நாய் தொல்லையால் மூன்று வருடமாகக் கோழியே இல்லை, பக்கத்துத் தோட்டம் அரைக் கிலோமீட்டர் தள்ளி. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். புதுக்கோழி சேர்க்கமாட்டேன், அடை வைக்கமாட்டேன், வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்கிறார். முட்டை தின்றுவிட்டு, ஆடியில் கோயிலுக்குச் சேவல்கள் இரண்டையும் அறுப்பாராம்.

பஞ்சாரம்:
இது எனக்குச் சம்மதம். நாய்க்கு மட்டும் வேலி போடச் சொல்லுங்கள்.

சிறுவிடைப்பிரியை:
சித்தப்பா வாக்கு ஆடிவரைக்கும் தாங்குமா என்று பாருங்கள். “ஒரே ஒரு அடை” என்று யாராவது வந்து கேட்பார்கள்.

சந்தைப்பேட்டை:
அது இருக்கட்டும். கோழி போனபின் கொட்டகை என்ன ஆகிறது? கம்பிவலைக் கூண்டு ஏதாவது இருக்கிறதா?

கொல்லைப்புறம்:
நாலுக்கு ஆறு இரும்புக் கூண்டு ஒன்று இருக்கிறது. அதிலும் கிருமி இருக்காதா?

பஞ்சாரம்:
இந்த இரண்டு கிருமியும் கோழி உடம்புக்கு வெளியே அதிக நாள் தாங்காது. எச்சத்தைச் சுரண்டி, கழுவி, மூன்று வாரம் வெயிலில் காயவிட்டால் போதும். அம்மை வந்த கூண்டு என்றால்தான் பயப்படுவேன், உதிர்ந்த பொருக்கில் அது மாதக்கணக்கில் கிடக்கும்.

கொல்லைப்புறம்:
அம்மை வந்ததில்லை.

சந்தைப்பேட்டை:
அப்படியானால் விலையைச் சொல்லுங்கள். அத்தைக்கு வேண்டும். மூன்று வாரம் கழித்தே வந்து எடுத்துக்கொள்கிறேன்.