மஸில்லோடர் (வாய்வழியா மருந்து, குண்டு போடுற துப்பாக்கி): முதல் குண்டு நடுவுல, மிச்சம் எங்கெங்கேயோ. உதவி!

லென்ஸ்_குமரன்
சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போறேன், அதுக்குள்ள யாராவது சொல்லுங்க. யூட்யூப்ல ஒரு அமெரிக்கத் தாத்தா சொல்லித்தர்றதை அப்படியே செய்றேன். வெடிமருந்து, குண்டைச் சுத்துற துணி, குண்டு, தட்டினா தீப்பொறி விடுற கேப், எல்லாம் அதே வரிசை. முதல் குண்டு நடுவுல விழுது. அடுத்தது ஒரு சாண் தள்ளி. அப்புறம் அட்டையிலயே படல. சைட்டையும் திருப்பித் திருப்பிப் பாத்தாச்சு.

பினிக்ஸ்_சிவா
எந்தத் துப்பாக்கி தம்பி? என்ன காலிபர் (குழல் விட்டம்)? உருண்டைக் குண்டா, நீளக் குண்டா? எத்தனை மீட்டர்? ஒண்ணுமே சொல்லாம கேட்டா ஜோசியர்கிட்டதான் போகணும்.

நாமக்கல்_டு_ஜோபர்க்
கண்ணை மூடுறீங்க, கேரண்டி. கேப் வெடிச்சுக் குண்டு வெளிய போறதுக்குள்ள துப்பாக்கியை இறக்கிடுறோம். எல்லாரும் பண்றதுதான். காலிக் குழல்ல வெறும் கேப் மட்டும் போட்டுத் தட்டிப் பாருங்க, முனை ஆடுதா இல்லையான்னு தெரியும்.

பழைய_குழல்
அன்பரே, இதே கேள்வி இங்கே ஓயாமல் வருகிறது. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. குண்டைச் சுழல வைக்கக் குழலுக்குள் வெட்டிய திருகுப் பள்ளம், அதாவது மரை, எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதுதான் அடிப்படை. உருண்டைக் குண்டுக்கு 60, 66 போன்ற மெதுவான சுற்று. 28 என்றால் அது சபோ குண்டுக்கான (பிளாஸ்டிக் உறையில் வரும் நீளக் குண்டு) இன்லைன், அதாவது கேப் குழலுக்கு நேர் பின்னால் இருக்கும் புதுவகை. 48 இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம். இதுகூடத் தெரியாமல் துப்பாக்கியைத் தொடலாமா?

பினிக்ஸ்_சிவா
அய்யா, மரை ஒத்துவரலன்னா முதல் குண்டும் தப்பாத்தானே போகணும்? தம்பி, ரெண்டு எஃப் மருந்து போட்டா இன்னும் பொடியான மூணு எஃப்புக்கு மாறு. கரி கம்மியா விடும்.

லென்ஸ்_குமரன்
குழல் .50 அங்குலம், பெர்குஷன் (கேப் போடுற வகை). உருண்டைக் குண்டு .490. 50 மீட்டர். மருந்து 70 கிரெயின். வேற என்ன வேணும்?

மாலா_மரிட்ஸ்பர்க்
வேணும் தம்பி. 70 கிரெயினை அளவுக்குழல்ல அளக்கிறியா, தராசுல நிறுக்கிறியா? கருமருந்தா, பைரோடெக்ஸ் மாதிரி மாற்று மருந்தா? மாற்று மருந்து எடை கம்மி. அதைக் கொள்ளளவாலதான் அளக்கணும். தராசுல 70 வெச்சா நிஜத்துல ரொம்ப அதிகமாப் போட்டுடுவே. இன்னொண்ணு, ஒரு குண்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல குழலைத் துடைக்கிறியா?

லென்ஸ்_குமரன்
கருமருந்துதான் அக்கா, அளவுக்குழல்தான். துடைக்கல. தாத்தாவும் துடைக்கலையே, வரிசையாச் சுட்டுக்கிட்டே போறார். எனக்கு மூணாவது குண்டு பாதியிலயே நிக்குது. குண்டு தள்ளுற குச்சி, ராம்ராடு, அதைக் கம்பத்துல முட்டித்தான் இறக்குறேன்.

மாலா_மரிட்ஸ்பர்க்
அதை முதல்ல நிறுத்து. குண்டு மருந்து மேல ஒட்டி உக்காரணும். நடுவுல இடைவெளி விட்டுச் சுட்டா குழல் வீங்கும், வெடிக்கவும் வெடிக்கும். சுத்தமான குழல்ல மருந்தும் குண்டும் சரியா உக்காந்ததும், வாய் மட்டத்துல ராம்ராடுல ஒரு கோடு போட்டு வை. ஒவ்வொரு தரமும் அந்தக் கோடு அங்க வந்து நிக்கணும். நிக்கலன்னா சுடாதே, ரேஞ்சு ஆளைக் கூப்பிடு.

அந்த வீடியோவை நானும் பாத்திருக்கேன். அவர் பின்னாடி புல்லெல்லாம் நனைஞ்சு கிடக்கு, சட்டை வேர்வையில முதுகோட ஒட்டியிருக்கு. கருமருந்து எரிஞ்சா எடையில பாதிக்கு மேல திடக் கசடா மிஞ்சும். ஈரக் காத்துல அது இளகியே இருக்கும், அடுத்த குண்டோட துணியே வழிச்சுக்கிட்டுக் கீழே போயிடும். நீ இருக்கிறது ஜோபர்க் பக்கம் லெனேசியா, இப்ப ஜூலை, இங்க குளிர்காலம். காத்துல ஈரமே கிடையாது. கசடு ஓடு மாதிரி இறுகிடும். அது மேல ஏறி வர்ற குண்டு எப்படி ஒரே இடத்துக்குப் போகும்?

கடலோரக்காரன்
அக்கா சொல்றது நிஜம். டர்பன்ல ஜனவரியில நான் துடைக்கிறதே இல்ல. அதே துப்பாக்கியை பாக்கி வண்டியில போட்டு பிரிட்டோரியாவுக்கு மச்சான் வீட்டுக்குக் கொண்டுபோனா ரெண்டாவது குண்டே மாட்டுது. ஆனா 50 மீட்டருக்கு 70 எதுக்கு? 50 கிரெயின்ல ஆரம்பிச்சு அஞ்சஞ்சா ஏத்திப் பாரு.

மாலா_மரிட்ஸ்பர்க்
அதுவும் சரிதான், ஆனா முதல்ல துடைக்கிறது. ரெண்டையும் ஒண்ணா மாத்தினா எதால சரியாச்சுன்னு தெரியாது. எச்சில் தொட்ட துணி ஒண்ணு, அப்புறம் காஞ்ச துணி ஒண்ணு. சொட்டச் சொட்ட நனைக்காதே, அடியில தண்ணி தேங்கினா மருந்து நமுத்துப் போகும். சுட்ட துணியையும் தேடி எடுத்துப் பாரு, குழலுக்கு முன்னாடி புல்லுல கிடக்கும். ஓரம் பிசிர் விட்டு, நடுவுல குண்டு உக்காந்த கறுப்பு வட்டம் தெரிஞ்சா நல்லது. கருகி ஓட்டை விழுந்திருந்தா எண்ணெய்ப் பசை பத்தல, இல்லன்னா துணி மெல்லிசு.

நாமக்கல்_டு_ஜோபர்க்
எங்க ஊர்ப்பக்கம் நாட்டுத் துப்பாக்கி வெச்சிருந்தா உள்ள தள்ளிடுவாங்க. இங்க தென்னாப்பிரிக்காவுல லைசன்ஸே வேணாமாமே?

பழைய_குழல்
அரைகுறைத் தகவல். 2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் சட்டப்படி வாய்வழித் துப்பாக்கிக்குத் தனி லைசன்ஸ் இல்லை, ஆனால் தகுதிச் சான்றிதழ் கட்டாயம்.

பினிக்ஸ்_சிவா
இசாண்டில்வானா போர்ல ஜூலுக்கள்கிட்ட வெள்ளைக்காரன் தோத்ததே இந்த மாதிரி ஒவ்வொண்ணா மருந்து இடிச்சுக்கிட்டு இருந்ததாலதானே?

பழைய_குழல்
இல்லை. 1879இல் பிரிட்டிஷார் கையில் இருந்தது மார்ட்டினி-ஹென்றி, பின்பக்கம் தோட்டா போடுவது. பழைய வாய்வழித் துப்பாக்கிகள் ஜூலுப் படையிடம்தான் இருந்தன. நீங்கள் நினைப்பது 1838 டிசம்பர் 16, இரத்த ஆற்றுப் போர். அங்கே வூர்ட்ரெக்கர்கள், அதாவது டச்சு வழிக் குடியேறிகள், வாய்வழியாகத்தான் போட்டார்கள்.

கடலோரக்காரன்
அவங்க பொடிக் குண்டைப் பையில கட்டிப் போட்டுச் சுட்டவங்க. குறி எதுக்கு அதுக்கு?

பழைய_குழல்
எல்லோரும் எப்போதும் அப்படிச் சுடவில்லை. படித்துவிட்டு வாருங்கள்.

பினிக்ஸ்_சிவா
வாத்தியார் வந்துட்டார், எல்லாரும் எந்திரிங்க.

மாலா_மரிட்ஸ்பர்க்
சண்டையை வேற இழையில வெச்சுக்கங்கப்பா. குமரன், என்ன ஆச்சு?

லென்ஸ்_குமரன்
துடைச்சேன். மாட்டல, கோடு ஒவ்வொரு தரமும் சரியா நின்னுச்சு. எல்லாம் உள்ளங்கைக்குள்ள. துணி மட்டும் இன்னும் கருகுது. பிராய்க்கு (கறி சுடுற விருந்துக்கு) ஆள் வந்தாச்சு, அப்புறம் வரேன்.

பழைய_குழல்
மரை எத்தனை என்று இன்னமும் சொல்லவில்லை.

நாமக்கல்_டு_ஜோபர்க்
அக்கா, துணிக்குப் பழைய வேட்டி ஆகுமா? நிறைய கிடக்கு.

மாலா_மரிட்ஸ்பர்க்
வேட்டி மெல்லிசுங்க, மரையில பட்டாலே கிழியும். மெத்தை தைக்கிற கோடு போட்ட பருத்தித் துணி வாங்குங்க, துவைச்சுக் கஞ்சியை எடுத்துட்டு வெட்டுங்க. பாலியஸ்டர் கலந்தது வேணாம், உருகிக் குழல்ல ஒட்டிக்கும்.