குழி விழுந்த சாலைக்கு முழுச் சுங்கம்: தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கு அந்த அதிகாரம் உண்டா?

மைல்கல்44

நேரடியாகவே கேட்கிறேன். நான்குவழிச் சாலை குண்டும் குழியுமாகக் கிடக்கிறது. மேம்பால வேலை என்று வண்டிகளை சர்வீஸ் ரோட்டில் இறக்கிவிடுகிறார்கள். ஆனால் பாஸ்டேக்கில் முழுத் தொகையும் கழிகிறது. இது சட்டப்படி நிற்காது என்பது என் வாதம்.

தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், 1956-இன் 7-ஆம் பிரிவைப் பாருங்கள். அளிக்கப்பட்ட சேவைக்கும் பயனுக்கும் கட்டணம் விதிக்கலாம் என்றுதான் இருக்கிறது. இது வரி அல்ல. வரிக்குப் பதிலுக்கு எதுவும் தர வேண்டியதில்லை, கட்டணத்துக்குத் தந்தாக வேண்டும். சேவை இல்லாத இடத்தில் வசூலிக்கும் அதிகாரமும் இல்லை.

கேரளத்தின் பாலியேக்கரை சுங்கச்சாவடி விவகாரம் இதைத்தான் காட்டுகிறது. இடப்பள்ளி–மண்ணுத்தி பாதையில் நெரிசல் தாங்க முடியவில்லை என்று கேரள உயர் நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 6 அன்று நான்கு வாரங்களுக்கு வசூலை நிறுத்தியது. ஆணையமும் ஒப்பந்த நிறுவனமும் உச்ச நீதிமன்றம் போயும் பலிக்கவில்லை. 65 கி.மீ. கடக்க 12 மணி நேரம் ஆகும் சாலைக்கு எதற்கு 150 ரூபாய் என்று தலைமை நீதிபதி அமர்வே கேட்டது.

கெசட்வாசகர்

வணக்கம் மைல்கல். உங்கள் ஆதங்கம் நியாயமானது, சட்ட வாதத்தில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன.

கட்டணம் விதிப்பது ஆணையம் அல்ல, மத்திய அரசு. 1988-ஆம் ஆண்டு ஆணையச் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி அரசிதழ் அறிவிப்பு மூலம் சாலைகள் ஆணையத்திடம் ஒப்படைக்கப்படுகின்றன. 16-ஆம் பிரிவு அதன் வேலைகளைச் சொல்கிறது: பராமரிப்பு, போக்குவரத்தை ஒழுங்குபடுத்துதல், மத்திய அரசின் சார்பில் கட்டணம் வசூலித்தல். அந்த 'சார்பில்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். கட்டணத்தைக் கூட்டவோ குறைக்கவோ ஆணையத்துக்கு உரிமை இல்லை.

அடுத்தது கணக்கு. அது 2008-ஆம் ஆண்டுக் கட்டண விதிகளில் இருக்கிறது. 2007-08 அடிப்படையில் காருக்கு கி.மீ.க்கு 65 காசு, இலகு வணிக வாகனத்துக்கு ரூ.1.05, பஸ், லாரிக்கு ரூ.2.20. ஆண்டுதோறும் இந்த மூலத் தொகையில் 3 சதவீதம் கூடும். கூட்டு வட்டி போல அல்ல, நேர்க்கணக்கு. அதன் மேல் மொத்த விலைக் குறியீட்டு உயர்வில் 40 சதவீதம். வெறும் 3 சதவீதத்தை மட்டும் வைத்துப் பார்த்தால்கூட 2025 ஏப்ரலுக்குள் 18 முறை ஏறி 65 காசு ஒரு ரூபாயைத் தொட்டுவிட்டது. இந்தச் சூத்திரத்தில் நீளம் வருகிறது, விலைவாசி வருகிறது, பாலம், சுரங்கப்பாதை வருகிறது. குழி வரவில்லை.

மூன்றாவது, பாலியேக்கரையில் நீதிமன்றம் தன் ரிட் அதிகாரத்தில், அதாவது அரசு அமைப்புகளுக்கு நேரடியாக உத்தரவிடும் அதிகாரத்தில், தற்காலிகமாக நிறுத்தியது. அக்டோபரில் வசூல் மறுபடி தொடங்கிவிட்டது. மதுரை–தூத்துக்குடி சாலையிலும் 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வசூலுக்குத் தடை போட்டது, சில நாளிலேயே அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. ஒவ்வொரு வழக்கும் அதனதன் உண்மைகளைப் பொறுத்தது. பொது விதி என்று எதுவும் இன்னும் பிறக்கவில்லை.

மைல்கல்44

ஒரே திசையில் வரும் உத்தரவுகள் இத்தனை இருக்கும்போது தற்செயல் என்று தள்ள முடியாது சார். 2020 டிசம்பரில் மதுரவாயல்–வாலாஜாபேட்டை சாலை சீராகும் வரை பாதிக் கட்டணம்தான் வாங்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 பிப்ரவரியில் ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றம் லக்கன்பூர், பன் சாவடிகளில் வேலை முடியும் வரை 20 சதவீதம் மட்டும் என்றது. எல்லாம் சேவைக்கேற்ற கட்டணம் என்ற ஒரே வேரிலிருந்து வருபவை.

விதியிலேயே அந்தக் கருத்து இல்லை என்பதும் தவறு. 2013 திருத்தத்தை மறந்துவிட்டீர்கள். நான்குவழியை ஆறுவழியாக்கும்போது கெடு தாண்டினால், தாமதமான காலத்துக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. தென்மாநிலச் சாவடிகளைத் தணிக்கை செய்த சி.ஏ.ஜி. 2023 அறிக்கையில் பிடித்ததே இதைத்தான்: நாதவலசா, சலகேரி, ஹெப்பாலு மூன்றிலும் 2020 மே முதல் 2021 மார்ச் வரை அப்படி வாங்கியது ரூ.124.18 கோடி. மற்ற மீறல்களையும் சேர்த்து ரூ.132.05 கோடி. தனக்கு இல்லாத அதிகாரத்தை ஆணையம் பயன்படுத்தியது என்று அரசின் தணிக்கையாளரே எழுதிவிட்ட பிறகு வேறென்ன வேண்டும்?

கெசட்வாசகர்

தணிக்கைப் பத்தியை ஒப்புக்கொள்கிறேன். விதியில் தெளிவாக எழுதியிருந்ததை ஆணையம் நடைமுறைப்படுத்தவில்லை, அது பிழைதான். ஆனால் அது என் பக்கத்துக்குத்தான் வலு. தாமதத்துக்குக் கட்டணம் கூடாது என்று எழுத நினைத்தபோது எழுதினார்கள். பராமரிப்புக் குறைவுக்கு அப்படி எழுதவில்லை.

வசூலை நிறுத்தினால் பணம் யார் பையிலிருந்து போகிறது என்பதையும் பாருங்கள். எல்லாச் சாவடியும் ஒரே மாதிரி இல்லை. அரசுப் பணத்தில் போட்ட சாலையில் ஏலம் எடுத்த வசூல் ஏஜென்சி, ஒப்புக்கொண்ட தொகையை ஆணையத்துக்குக் கட்டிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்கிறது. அங்கே நிறுத்தினால் அரசுக்கு நஷ்டம். கட்டி, இயக்கி, திருப்பித் தரும் பி.ஓ.டி. சாலையில் நிறுத்தினால், நிறுவனம் ஒப்பந்தத்தைக் காட்டி நடுவர் மன்றம் போகும். தவறு தன்னுடையது இல்லை என்று நிரூபித்தால் இழப்பீடோ கூடுதல் வசூல் காலமோ கிடைக்கும். நாலு வாரம் விட்டதைப் பின்னால் வருகிற ஓட்டுநர்கள் கட்டுவார்கள்.

மைல்கல்44

தனியார் நிறுவனம் என்றதும் நொய்டா தீர்ப்பு நினைவுக்கு வருகிறது. டெல்லி–நொய்டா டி.என்.டி. பாலத்தில் அலகாபாத் உயர் நீதிமன்றம் 2016 அக்டோபரில் சுங்கத்தை நிறுத்தியது, உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று உறுதி செய்தது. கட்டணம் விதிக்கும் அதிகாரத்தைத் தனியார் நிறுவனத்துக்குத் தூக்கிக்கொடுக்க நொய்டா நகர மேம்பாட்டு ஆணையத்துக்கு உரிமையே இல்லை என்பதுதான் காரணம். 20 சதவீத லாபம் உறுதி, கிடைக்காத லாபம் திட்டச் செலவில் ஏறிக்கொண்டே போகும் என்ற சூத்திரம் வேறு. அப்படிப் பார்த்தால் பி.ஓ.டி. சாவடிகளின் அடித்தளமே ஆடுகிறதே?

கெசட்வாசகர்

ஆடவில்லை. இரண்டையும் ஒன்றாக்குவதுதான் இந்த விவாதத்தில் அடிக்கடி நடக்கும் தவறு. நொய்டாவுக்கு அடிப்படை உ.பி. தொழிற்பகுதி மேம்பாட்டுச் சட்டம், 1976. அதில் இப்படி ஒப்படைக்க இடமில்லை. தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்திலோ 1995-இல் சேர்த்த 8ஏ பிரிவு இருக்கிறது: சாலையை மேம்படுத்தவும் பராமரிக்கவும் யாரோடும் ஒப்பந்தம் போடலாம், அவர் மத்திய அரசு அறிவிக்கும் விகிதத்தில் கட்டணம் வசூலித்து வைத்துக்கொள்ளலாம் என்று நாடாளுமன்றமே எழுதிக்கொடுத்தது. விகிதம் அரசின் கையில், வசூல் மட்டும் தனியார் கையில். நொய்டாவில் விகிதமும் ஒப்பந்தச் சூத்திரத்துக்குள் போய்விட்டது.

இன்னொரு குழப்பம்: அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் 59-ஆவது பதிவு சுங்கம். தேசிய நெடுஞ்சாலையோ மத்தியப் பட்டியலின் 23-ஆவது பதிவு. ஆகவே தேசிய நெடுஞ்சாலையில் வாங்குவது சட்டத்தின் மொழியில் 'பயனர் கட்டணம்'. டோல் என்பது நம் பேச்சு வழக்கு.

லோடுகணக்கு

ரெண்டு பேரும் மேல்மட்டத்திலேயே பேசுகிறீர்கள். பூத்தில் நிற்கிற டிரைவருக்குத் தேவையானதை நான் சொல்கிறேன், ஏனென்றால் வாட்ஸ்அப்பில் ஓடுவதில் பாதி தப்பு.

பத்து நொடிக்கு மேல் நின்றால், வரிசை 100 மீட்டர் தாண்டினால் இலவசம் என்கிறார்கள். அது 2021 மே மாதம் ஆணையம் போட்ட வழிகாட்டுதல். 2024 ஆகஸ்டில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். இப்போது அதைக் காட்டிச் சண்டை போட்டால் தோற்பது டிரைவர்தான்.

செல்லுபடியாகும் விதி வேறு. 2018 மே திருத்தம்: டேக் சரியாக இருந்து, கணக்கில் பணம் இருந்து, சாவடியின் கருவி படிக்கவில்லை என்றால் கட்டணம் இல்லாமல் விட வேண்டும், கட்டணம் பூஜ்யம் என்று காட்டும் ரசீதும் கொடுக்க வேண்டும். ஊழியர் கையில் வைத்திருக்கும் கருவியும் படிக்கவில்லை என்பதை வீடியோ எடுங்கள், அதே நிமிடத்தில் டேக் இருப்பைத் திரைப்பிடிப்பு எடுங்கள், ரசீது கேளுங்கள். டேக் கறுப்புப் பட்டியலில் இருந்தாலோ இருப்பு குறைவாக இருந்தாலோ இந்த உரிமை கிடையாது. 2025 நவம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி டேக் இல்லாத வண்டி ரொக்கத்தில் கட்டினால் இரண்டு மடங்கு, யு.பி.ஐ.யில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு. ரூ.100 கட்டணம் என்றால் 200-ஆ 125-ஆ என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

வண்டி வீட்டு வாசலில் நிற்கும்போது எங்கேயோ ஒரு சாவடியில் பணம் கழிந்தால், முதலில் டேக் கொடுத்த வங்கியில் புகார், பிறகு நெடுஞ்சாலை உதவி எண் 1033. பூத்தில் எண்ணைக் கையால் தட்டி ஏற்றும்போது ஒரு எழுத்து மாறினாலே இப்படி வேறொருவர் கணக்கில் கழியும். அதனால் சாவடியின் அந்த லேனில் எடுத்த கேமரா படத்தைக் கேளுங்கள். படத்தில் உங்கள் வண்டி இல்லையென்றால் வங்கி பணத்தைத் திருப்பியாக வேண்டும்.

மைல்கல்44

உருப்படியான தகவல், நன்றி. கட்டணம் கட்ட மறுத்தால் சாவியைப் பிடுங்க, வண்டியைப் பூட்ட அவர்களுக்கு அதிகாரம் உண்டா?

கெசட்வாசகர்

இல்லை. கட்டாத வண்டியைத் தாண்டவிடாமல் தடுக்கலாம், காவல்துறையைக் கூப்பிடலாம். சாவி, ஆர்.சி. புத்தகம், செல்போன் எதையும் தொட எந்தப் பிரிவிலும் அனுமதி இல்லை. 2002-ஆம் ஆண்டு நிலம், போக்குவரத்துக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் ஆக்கிரமிப்பை அகற்றவும், பெட்ரோல் பங்க், ஓட்டல்களுக்கு வழி அனுமதி தரவும் நெடுஞ்சாலை நிர்வாகத்துக்குப் பெரிய அதிகாரங்கள் உண்டு. அவை நியமிக்கப்பட்ட அதிகாரிகளுக்கானவை. சீருடை போட்ட வசூல் ஊழியருக்கு அவற்றில் ஒன்றும் வராது.

தாண்டவிடாமல் தடுக்கும் அதிகாரம் எவ்வளவு கூர்மையானது என்பதற்கு உதாரணம், அரசுப் பேருந்துகள் பாக்கி வைத்த ரூ.276 கோடி. கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி நான்கு சாவடிகளிலும் 2025 ஜூலை 10 முதல் அரசு பஸ்களை விடக் கூடாது என்றே சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அரசு பேசித் தீர்ப்பதாகச் சொன்ன பிறகுதான் அது மாத இறுதி வரை தள்ளிவைக்கப்பட்டது.

தெற்குவாசல்

கப்பலூர் பெயர் வந்ததால் கேட்கிறேன். நகர எல்லையிலிருந்து 10 கி.மீ., அடுத்த சாவடிக்கு 60 கி.மீ. என்று விதி இருக்கிறது. திருமங்கலத்து மக்கள் வருடக்கணக்கில் போராடியும் அந்தச் சாவடி ஏன் நகரவில்லை? உள்ளூர்க்காரர்களுக்குப் பாஸ் கொடுப்பது மட்டும் போதுமா?

மைல்கல்44

போதாது. அதுதான் என் கோபமும். 2008 கட்டண விதிகளில் 8-ஆவது விதி 10 கி.மீ. என்று தொடங்குகிறது. காரணத்தை எழுதிவைத்துவிட்டு 5 கி.மீ. வரை நெருங்கலாம். நகர மக்களுக்காகவே போட்ட பகுதி என்றால் எல்லைக்குள்ளேயே வைக்கலாம். 60 கி.மீ.யும் அப்படியே, காரணம் எழுதினால் குறைக்கலாம். விதியை விட விலக்கு அகலமாக இருக்கிறது. பாஸ் விஷயமும் அரைகுறை: 20 கி.மீ.க்குள் குடியிருக்கும் வணிகம் சாராத வண்டிக்கு 2025-26-இல் மாதம் ரூ.350. அதுவும் சர்வீஸ் ரோடோ மாற்றுப் பாதையோ இல்லாத இடத்தில்தான். தினமும் வயலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர் எதற்கு 350 கட்ட வேண்டும்?

கெசட்வாசகர்

இதில் உங்களோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். விலக்குக்கான காரணத்தை அரசிதழிலேயே அச்சிட வேண்டும் என்று திருத்தினால் பாதிப் பிரச்சினை தீரும். ஆனால் தெற்குவாசல் அவர்களே, பழைய சாவடிகளில் ஒரு கண்ணி இருக்கிறது. 2008 டிசம்பருக்கு முன் ஒப்பந்தம் போட்டவை 1997 விதிகளுக்குள் வருகின்றன, 60 கி.மீ. அவற்றைக் கட்டுப்படுத்தாது என்பதுதான் அரசுத் தரப்பின் வழக்கமான பதில். தூரத்தை அளந்து காட்டுவதற்கு முன் தேதியைப் பாருங்கள்.

லோடுகணக்கு

அந்தத் தேதியை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிவிடுகிறேன். ஆணையத்தின் திட்டச் செயலாக்க அலுவலகத்துக்கு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனு, கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். பொதுவாக 'எல்லா ஆவணமும்' என்று கேட்டால் தட்டிக்கழிப்பார்கள். நான்கே தாள் கேளுங்கள்: அந்தப் பகுதிக்கான கட்டண அரசிதழ் அறிவிப்பு, ஒப்பந்தம் கையெழுத்தான தேதி உள்ள பக்கம், பணி நிறைவுச் சான்றிதழ், 10 அல்லது 60 கி.மீ.யைக் குறைத்ததற்கு எழுதிவைத்த காரணம்.

ஒப்பந்தம் 2008 டிசம்பருக்குப் பிந்தையதாக இருந்து, நான்காவது தாள் மட்டும் 'பதிவில் இல்லை' என்று பதில் வந்தால் மேல்முறையீடு என்று அலைய வேண்டாம். அந்தப் பதிலையே ரிட் மனுவின் முதல் இணைப்பாக வையுங்கள்.